உழவர் உவகை உறைவிடம்

விடுதியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர என்ன சாமர்த்தியம் வேண்டிக் கிடக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். செவ்வந்தியும் அப்படித்தான் நினைத்தாள். துணியை விரித்தோமா, படுத்தோமா, விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு தாலுகா கச்சேரிக்குப் போனோமா என்று இருக்கும், அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது. பாவம், அவள் அதுவரை எந்த விடுதியிலும் தங்கியதில்லை.

அவள் ஊர் பூதலூருக்குத் தெற்கே கடம்பங்காடு. புருஷன் தங்கையன் பன்னிரண்டு வருஷம் உழுத நாலு மா நிலத்தை, அவன் காலமான பிறகு மூன்று வருஷமாக அவள் உழுகிறாள். நாலு மா என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட வரும். நிலம் குஞ்சிதபாதம் பண்ணையுடையது. உழுகிறவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டதும் ஊரில் பாதிப் பேர் மனுப் போட்டார்கள். பண்ணையிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டதும் அந்தப் பாதியில் முக்கால்வாசிப் பேர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். செவ்வந்தி வாங்கவில்லை. அதைத் தைரியம் என்று சொல்லிவிட முடியாது. கூப்பிட்ட அன்றைக்கு அவள் நடவில் இருந்தாள், பாதியில் கரையேற மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

விசாரணைக்கு இரண்டு வாய்தா போய்விட்டது. இரண்டு தடவையும் காலைப் பாசஞ்சர் தஞ்சாவூருக்குத் தாமதமாக வந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டவாலி பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தான். ‘ஆஜரில்லை’ என்று எழுதிவிட்டு, மூன்றாவது வாய்தாதான் கடைசி என்றார்கள். அதற்கும் வராவிட்டால் நிலம் பண்ணையின் நேரடிச் சாகுபடி என்று பதிவாகிவிடும்.

இதற்குள் மேட்டூர் திறந்து, வாய்க்காலின் கடைசியில் கடைமடையாகக் கிடந்த அந்த நாலு மாவுக்கும் அபூர்வமாகத் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்றுக்கு இருபத்திரண்டு நாள். நாலு மாவையும் சேறடித்து வைத்திருந்தாள். பண்ணை ஆட்கள் வரப்பில் வந்து நின்று, தீர்ப்பு வரட்டும், அப்புறம் இதில் யார் நடுகிறது என்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாத்தனார் ராசம்மாளை நாற்றுக்குக் காவல் வைத்துவிட்டு, செவ்வந்தி முதல் நாளே ரயிலேறினாள்.

இப்படி முதல் நாளே வருகிறவர்களுக்கென்றுதான் அந்த விடுதி கட்டப்பட்டிருந்தது. தாலுகா கச்சேரிக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும். பெயர் உழவர் உவகை உறைவிடம். வாசலில் ஆளுயரக் கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், குத்துவிளக்கின் ஒவ்வொரு முகத்தையும் ஏற்றியவர் என்று முப்பத்தொரு பெயர்கள் அதில் வெட்டியிருந்தன. கடைசி வரியில், ‘இடம் உதவியவர்’ என்று போட்டு ஒரு பெயர். செவ்வந்திக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். முதல் பெயரைக் கூட்டி முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கூப்பிட்டவர் கண்காணிப்பாளர் ரெத்தினம். மேடையில் பேசிப் பேசி வளர்ந்த மனிதர். உத்தியோகம் கிடைத்ததும் மேடை போய்விட்டது. அதனால் வருகிற ஒவ்வொரு விருந்தினரையும் அவர் ஒரு கூட்டமாகப் பார்த்தார். விடுதிக்கு விதி இருந்தது. முதலில் வரவேற்புரை, பிறகு பொன்னாடை, பிறகு விருந்தினரின் ஏற்புரை. இந்த மூன்றும் ஆகாமல் பதிவேட்டில் பெயர் ஏறாது.

செவ்வந்தியைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு அவர் தொண்டையைச் செருமினார்.

“ஏர் பிடித்த கையே, இனி நீ ஏங்க வேண்டியதில்லை. இல்லை என்ற சொல்லே இங்கே இல்லை. தாய்க்குலமே, இது விடுதி அல்ல, விடியல். இதன் கதவுகள் திறப்பதற்காகவே திறக்கப்பட்டவை.”

கால் மணி நேரம் போயிற்று. பிறகு ஒரு பச்சைத் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தி, ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கவிட்டு, திரும்ப எடுத்து மடித்து வைத்தார். அந்தத் துண்டு ஒன்றுதான். திறப்பு விழாவிலிருந்து அது எல்லாருக்கும் போர்த்தப்பட்டு வருகிறது. அடுத்து ஏற்புரை. செவ்வந்திக்கு என்ன பேசுவது என்று விளங்கவில்லை. ரயிலில் வந்த தாகம்.

“குடிக்கத் தண்ணி இருக்குங்களாய்யா?”

ரெத்தினம் கண்ணை மூடி அதைக் கேட்டார். ‘ஏற்புரை சுருக்கமாகவும் உருக்கமாகவும் அமைந்தது’ என்று பதிவேட்டில் எழுதினார். தண்ணீர் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அவள் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பன்னிரண்டு வருஷம் தங்கையன் களத்தில் குத்தகை நெல் அளந்ததற்கும், மூன்று வருஷம் அவள் அளந்ததற்கும் பண்ணைக் காரியஸ்தர் கிறுக்கிக் கொடுத்த சீட்டுகள் அதற்குள். நிலத்தை உழுதது இவர்கள்தான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். வழக்குக் காகிதங்கள் களவு போய்விடக் கூடாதென்று விடுதியில் ஓர் இரும்பு பீரோ வைத்திருப்பதாக ரெத்தினம் சொன்னார். இவ்வளவு அக்கறை யார் காட்டுகிறார்கள் என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பையைக் கொடுத்தாள். பீரோ பூட்டப்பட்டது. சாவி அவர் அரைஞாணுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த ரோஸ் காகிதத்தை எடுத்தார்.

பார்த்ததும் செவ்வந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாசிக்காமலே அவளுக்கு அந்தக் காகிதத்தைத் தெரியும். மேலே இரண்டு பக்கமும் நெற்கதிர்ப் படம், கீழே கைநாட்டுக்கு ஒரு கட்டம். பண்ணையிலிருந்து மூன்று தடவை வீட்டு வாசலுக்கு வந்த காகிதம். ரெத்தினம் அதை நல்ல குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நான் குத்தகைதாரர் அல்ல என்றும், உரிமையாளர் தயவில் இருந்து வருகிறேன் என்றும், யாதொரு பாத்தியதையும் கொண்டாட மாட்டேன் என்றும், சொன்ன நாழிகையே வெளியேறுவேன் என்றும், இதை மனப்பூர்வமாகச் சம்மதித்து வைத்த கைநாட்டு.

“இது எதுக்குங்க இங்க?” என்றாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். விடுதி நிற்கிற மனை, அரசு குத்தகைக்கு எடுத்தது. அனுபவத்தில் இருப்பவரைக் கிளப்பக் கூடாது என்று அரசே சட்டம் போட்டிருக்கிறது. ஒரு ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்து உரிமை கேட்டால் மனைக்காரருக்கு யார் பதில் சொல்வது. ஆகவே தங்குகிற ஒவ்வொருவரும் தான் குத்தகைதாரர் இல்லை என்று மூன்று பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று விடுதிக்கு, ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று எதிரே உள்ள கச்சேரிக்கு. விடுதியை விட்டுப் போகும்போது ஒப்படைத்ததற்கு அடையாளமாக இன்னொரு முறை. அச்சுச் செலவு கூட இல்லை. நில உரிமையாளர் சங்கத்தில் பத்தாயிரம் அடித்ததில் நிறைய மிஞ்சிவிட்டது, உழவருக்கே பயன்படட்டும் என்று நன்கொடையாகத் தந்துவிட்டார்கள்.

“இந்தக் காகிதம் எங்க வூட்டுக்கே மூணு வாட்டி வந்துருச்சுங்க. கைநாட்டு வக்கலைன்னுதான் கேசே நடக்குது.”

“அப்படியானால் தங்களுக்கு முன்பே அறிமுகமான ஆவணம்தான்” என்றார் ரெத்தினம், முகம் மலர்ந்து.

நான் குத்தகைதாரர் என்று நாளைக்குச் சொல்லப் போகிற வாயால் இன்றைக்கு எப்படி இல்லையென்று சொல்வது. அவள் முடியாது என்றாள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. காகிதம் இல்லாமல் அறை கொடுக்க விதி இல்லை. ஏற்புரை பதிவாகிவிட்டதால் வெளியே அனுப்பவும் விதி இல்லை. அனுபவத்தில் வந்துவிட்டவரை அறிவிப்பு இல்லாமல் வெளியேற்றினால் சட்டம் பாயும். பீரோவிலிருந்து பையை எடுத்துக் கொடுக்கலாம்தான், ஆனால் அதற்கு ஒப்படைப்பு வேண்டும், ஒப்படைப்புக்கு அந்த ரோஸ் காகிதம் வேண்டும். ரெத்தினம் ரொம்ப நேரம் யோசித்து, அவளைப் ‘பிரச்சினைக்குரிய விருந்தினர்’ என்ற தலைப்பில் எழுதி, நடைக்கோடியில் ஆறடிக்கு மூன்றடி இடம் அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார்.

பக்கத்தில் ஏற்கெனவே போட்டிருந்த இன்னொரு கோட்டுக்குள் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. கட்டிலில் ஒரு பெரியவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் ஹபீப் முகம்மது, அய்யம்பேட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் குத்தகை. அவரும் ஒரு ராத்திரி தங்கத்தான் வந்தார். வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அவருடைய காகிதங்களும் அந்தப் பீரோவுக்குள்தான். வாய்தா அன்றைக்கு இந்த ஜன்னலில் நின்று, எதிரே டவாலி தன் பெயரை மூன்று தடவை கூப்பிடுவதைத் தன் காதாலேயே கேட்டாராம். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து ‘இருக்கேன்’ என்று சத்தமும் போட்டாராம். விடுதிக்குள்ளிருந்து ஆஜராக விதி இல்லை.

“பையை விட்டுப்புட்டு வெறுங்கையோட போயிருக்கலாமே பாய்?”

“வெறுங்கையைப் பார்த்து எந்த அதிகாரிம்மா கொடிக்காலை எம்பேருல எழுதுவான். சரி, கைநாட்டு வச்சுப் பையை வாங்கிட்டுப் போனா, எதிர்க்கச்சி வக்கீலு இந்தக் காயிதத்தைத் தூக்கிக் காட்டுவான். எப்படிப் போனாலும் இடிக்குது தங்கச்சி. அதான் உக்காந்துட்டேன்.”

அவள் தண்ணீர் கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார். விடுதிக் குழாய்க்கு முறை வைத்திருக்கிறார்கள், வாய்க்காலுக்கு வைக்கிற மாதிரி. முன்கட்டு அறைகளுக்குத் திங்களும் வியாழனும், பின்கட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும். நடைக்கோடி கடைமடை. பட்டியலில் அதன் பெயர் உண்டு, எதிரே கிழமை இல்லை. இதைப் பாய் சங்கிலி போட்ட குறைப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தார். கீழே சிவப்பு மையில் பதில் வந்திருந்தது. குறை கூறுபவர் விருந்தினரா, குத்தகைதாரரா என்பதை முதலில் தெளிவுபடுத்தவும். தன் கூஜாவில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாய்த்து அவளுக்குக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குக் கோதுமை ரவை உப்புமா. சுற்றிலும் நெல்லாக விளைகிற சீமையில் ஏன் சோறு இல்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே ரெத்தினம் விளக்கினார். உழவர்கள் வீட்டில் தினமும் சோறுதானே சாப்பிடுகிறார்கள், ஒரு மாறுதல் வேண்டாமா என்று குழு கூடி முடிவெடுத்ததாம். வீட்டில் தினமும் சோறு என்று அந்தக் குழுவுக்கு யார் சொன்னார்கள் என்று செவ்வந்திக்குத் தெரியவில்லை. உப்புமாவைத் தின்றாள். கொசுக்கடியில் புரண்டு எழுந்த அந்த ராத்திரியை விட்டுவிடுவோம், உங்களுக்கும் தூக்கம் கெட வேண்டாம்.

விடிந்து எட்டு மணிக்கெல்லாம் தலையை முடிந்துகொண்டு அவள் ரெத்தினத்தின் முன்னால் நின்றாள். பத்தரைக்கு விசாரணை, பையைக் கொடுங்கள் என்றாள். அவர் ரோஸ் காகிதத்தை நீட்டினார். ஒன்பதுக்குப் போய் நின்றாள். நீட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குரலில் அதட்டல் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பண்ணை ஆள் நீட்டியபோது முறைத்தான், இவளும் முறைத்தாள், கணக்கு சரியாகப் போயிற்று. இவரோ வணக்கம் போட்டு நீட்டுகிறார்.

“அய்யா, நாத்து முத்திப் போவுது. அந்த நாலு மாவை விட்டா எனக்கு வேற நாதி இல்ல. பையை மட்டும் குடுத்துருங்க. மறுபடி கொண்டாந்து பூட்டிக்கங்க.”

“தாயே, தங்கள் கண்ணீர் என் கண்ணீர்” என்றார் ரெத்தினம். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது. “ஆனால் விதி என்னுடையது அல்லவே.”

பத்தே காலுக்கு அவள் வெறுங்கையோடு சாலையைத் தாண்டினாள்.

இந்தத் தடவை டவாலி கூப்பிட்டபோது அவள் நேர் எதிரில் நின்றாள். இருக்கேன் என்றாள். பதிவு அதிகாரி நல்ல மனிதர், வேலைச் சுமையில் முதுகு வளைந்தவர். மாதக் கடைசிக்குள் இத்தனை பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்று மேலே இருந்து கணக்கு வந்திருந்தது. பாதி கூட ஆகவில்லை. ஒரு பக்கம் பண்ணைக் காரியஸ்தர் கைகட்டி நின்றார். நெல் சீட்டெழுதியதும் இதே கை. அவரைக் கேட்டதற்கு, அப்படி ஒரு சீட்டும் எழுதியதாக ஞாபகம் இல்லை என்றார்.

செவ்வந்தி சீட்டுகள் எதிரே பீரோவில் இருப்பதைச் சொன்னாள். அதிகாரி உடனே ஆள் அனுப்பினார். ரெத்தினம் வேகமாக வந்தார். கையில் பை இல்லை. கக்கத்தில் விடுதிப் பதிவேடு இருந்தது. இன்னொரு சங்கடமும் கூட வந்தது. பதிவேட்டின்படி செவ்வந்தி என்பவர் விடுதியை விட்டு இன்னும் வெளியேறவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார்.

“அங்கே இருக்கிறதாக ஆவணம் சொல்கிறதே அம்மா. நீ இங்கே எப்படி ஆஜரானதாக நான் எழுதுவது?”

“நான் நிக்கிறேனேங்க.”

“நிற்கிறாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. நிலத்தையோ ஆளையோ பார்த்து எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. காகிதத்தைப் பார்த்துத்தான் எழுத முடியும்.”

அப்படிச் சொல்லிவிட்டு மேலே வாசித்தவர், வாசிக்க வாசிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார். இடத்தின் உரிமையாளர், குஞ்சிதபாதம். செவ்வந்திக்கு அப்போதுதான் அந்தக் கல்வெட்டின் கடைசி வரி விளங்கியது. அனுபவத்தில் இருப்பவர், செவ்வந்தி. பரப்பு, ஆறடிக்கு மூன்றடி. நான்கு எல்லையும் சுண்ணாம்புக் கோடு. குத்தகைதாரர் அல்ல என்று எழுதிக் கொடுத்தாரா, மறுத்துவிட்டார். ஒப்படைத்தாரா, மறுத்துவிட்டார். கீழே அரசு முத்திரை, பொறுப்பான அலுவலரின் கையெழுத்து. அந்த மாதம் முழுக்க அவர் பார்த்ததில் எல்லாக் கட்டமும் நிரம்பிய ஒரே ஆவணம் அதுதான்.

தீர்ப்பு எழுதப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. கடம்பங்காடு நாலு மாவைப் பொறுத்தவரை ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை, மனு தள்ளுபடி. தஞ்சாவூர் உறைவிடம் நடைக்கோடி ஆறடிக்கு மூன்றடியைப் பொறுத்தவரை மேற்படி செவ்வந்தி குத்தகைதாரர் எனப் பதிவு செய்யப்படுகிறது. இரண்டும் ஒரே பண்ணையின் இடம் ஆகையால் தனி மனு தேவையில்லை. மேற்படி இடத்தைச் சொந்த உடலுழைப்பால் சாகுபடி செய்து வர வேண்டியது. தவறினால் உரிமை ரத்தாகும்.

காரியஸ்தர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். நாலு மா கிடைத்த மகிழ்ச்சியில் நடைக்கோடிக்காக வாதாட அவருக்குத் தோன்றவில்லை. அதிகாரி கணக்குத் தாளில் ஒரு பெயர் கூடிவிட்டது என்று எழுதிக்கொண்டு, வாழ்த்துகள் என்றார்.

விடுதிக்குத் திரும்பி வந்ததும் ரெத்தினம் தானாகவே பீரோவைத் திறந்தார். பீரோ விருந்தினருக்கு மட்டும்தான், குத்தகைதாரர் பொருளைப் பூட்டி வைக்க விடுதிக்கு அதிகாரம் இல்லை. பையை இரண்டு கையாலும் எடுத்து மரியாதையாகக் கொடுத்தார். உள்ளே எல்லாச் சீட்டும் இருந்தன. ஒன்று கூடக் குறையவில்லை. செவ்வந்தி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசி வாய்தாவும் முடிந்த பிறகு யாரிடம் காட்டுவது என்று மறுபடி பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள். பாய் கூஜாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது நாலு மாவிலும் பண்ணை ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். சேறு அவள் அடித்தது, நாற்று அவள் விட்டது. காரியஸ்தர் மோட்டார் சைக்கிளில் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ராசம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் நாற்றங்காலில் இறங்குவதற்குள் தன் கைக்கு எட்டின மட்டும் பறித்து வைத்திருக்கிறாள். ஆறு முடி நாற்று, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டியது.

“இதை வச்சுக்கிட்டு எங்க அண்ணி நடப் போற?” என்று கேட்டுவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

பறித்த நாற்று காத்திருக்காது. செவ்வந்தி ராத்திரி முழுக்க அதன்மேல் தண்ணீர் தெளித்து வைத்தாள். காலையில் ஆறு முடியையும் கோணிச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். இன்னொரு சாக்கில் வாய்க்கால் வண்டல். அன்றைக்குப் பாசஞ்சர் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சேறு சொட்டச் சொட்ட அவள் கூடத்துக்குள் வந்தபோது, பழக்க தோஷத்தில் ரெத்தினம் பச்சைத் துண்டை எடுத்துவிட்டார். பிறகு, இவர் விருந்தினர் இல்லையே என்று ஞாபகம் வந்து துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி நடைக்கோடிக்குப் போய், சுண்ணாம்புக் கோட்டுக்குள் வண்டலைக் கொட்டினாள். கோட்டைத் தாண்டிப் போனதைக் கையால் அள்ளி உள்ளே தள்ளினாள். பாய் எழுந்து தன் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார், நடுகிறவளுக்குக் கால் வைக்க இடம் வேண்டுமே என்று. மண்ணைச் சமன் பண்ணிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“அய்யா, இந்த எடத்துக்குத் தண்ணி முறை என்னிக்குங்க?”

ரெத்தினத்துக்கு எதைக் கேட்டாலும் ஒரு உரை இருக்கும். இதற்கு அவர் முறைப் பட்டியலை எடுத்து, நடைக்கோடி என்ற வரிக்கு எதிரே விரலை வைத்து, அங்கே கிழமை எழுதியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடைமடை அம்மா” என்றார் மெதுவாக. “கடைமடைக்கு வந்து சேர்வதில்லை.”

“அது எனக்குப் பழக்கந்தாங்க” என்று சொல்லி, செவ்வந்தி சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, முதல் முடியின் கட்டை அவிழ்த்தாள்.